நோங் காய் போனவங்க வாங்க: தாய்லாந்து–லாவோஸ் எல்லையில உங்களுக்கு நடந்தது என்ன?

மாம்பலம் மீனா

எல்லாரும் புக்கெட், கிராபின்னு எழுதித் தள்றீங்க. நோங் காய் பத்தி யாராவது பேசுவாங்கன்னு காத்திருந்து அலுத்துப்போச்சு, நானே ஆரம்பிக்கிறேன். பேருக்கு மாகாணத் தலைநகரம். மெகோங் கரையை ஒட்டி நீளவாக்குல கிடக்கிற சின்ன ஊரு, எதிர்க்கரையில லாவோஸ். பாங்காக்ல ராத்திரி ரயில் ஏறினா காலையில இறங்கிடலாம்.

சாலா கியோ கூ தெரியும்ல? அந்த கான்கிரீட் சிலைத் தோட்டம். ஏழு தலை நாகம் குடை பிடிக்க நடுவுல புத்தர், அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும். கொஞ்சம் தள்ளி சிவன், விஷ்ணு, நம்ம பிள்ளையார். நான் சொல்ல வந்தது சிலையைப் பத்தி இல்ல. அதைக் கட்டின புன்லுவா சுலிலத்தைப் பத்தி. 1996ல இறந்துட்டார். அங்க இருக்கிற கட்டடத்தோட மூணாவது மாடியில அவரோட உடம்பை அப்படியே கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க.

எனக்கு அது தெரியாது. கீழே பூ, ஊதுபத்தி வித்துக்கிட்டிருந்த அக்கா "இந்தியாவா?"ன்னு கேட்டாங்க, தலையாட்டினேன். உடனே கையில மூணு ஊதுபத்தியைத் திணிச்சு மாடியைக் காட்டினாங்க. ஏதோ சன்னதின்னு நினைச்சு ஏறிட்டேன். சுத்திலும் கலர் பல்பு மின்னுது, நடுவுல ஒரு மனுஷன் படுத்திருக்கார். கூட ஏறி வந்த தாய்லாந்துக் குடும்பம் மொத்தமும் மண்டி போட்டுடுச்சு, நான் மட்டும் ஊதுபத்தியோட நிக்கிறேன். எங்க வீட்ல எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா தலைக்குத் தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்ட விடமாட்டாங்க. அன்னிக்கு நான் கும்பிட்டிருக்கணுமா, குளிச்சிருக்கணுமா? இன்னிக்கு வரைக்கும் பிடிபடல. உங்கள்ல யாராவது அந்த மாடிக்கு ஏறினீங்களா?

கருப்புக் காபி

மேடம், அதைப் பிணம்னு பாத்தாத்தான் இந்தக் குழப்பம். அது ஜீவசமாதி. அந்த ஆளோட கதையைக் கேளுங்க. சின்ன வயசுல மலையில ஒரு குழிக்குள்ள விழுந்தாராம், உள்ளே கியோ கூன்னு ஒரு ரிஷி இருந்தாராம், அவர்கிட்டயே சிஷ்யனா இருந்து எல்லாம் கத்துக்கிட்டாராம். தோட்டத்துக்கு வச்சது அந்த குருவோட பேருதான். நம்ம சித்தர் கதைகள்ல பாதி இப்படித்தானே தொடங்கும்? போகர் சமாதிக்குப் போயிட்டு வந்து யாராவது தலை முழுகுறாங்களா?

நான் மாடிக்கெல்லாம் ஏறல. எனக்கு மறக்காதது யானைச் சிலை. ஒரு யானை பாட்டுக்கு நடந்து போகுது, சுத்தி ஒரு நாய்ப் பட்டாளம் நின்னு குரைக்குது. ஊரே இவரைக் கிறுக்கன்னு சொன்னதுக்கு இவர் கொடுத்த பதில் அதுன்னுதான் எனக்குப் பட்டது.

ராத்திரி ரயில்

காபி, சமாதின்னா மூடியிருக்கும், மேல லிங்கமோ மேடையோ இருக்கும். உடம்பைக் கண்ணுல காட்டுறது வேற சமாச்சாரம். சித்தரை ஏன் இழுக்குறீங்க? அதுக்குப் பக்கத்துல வரக்கூடியது ஸ்ரீரங்கம் உடையவர் சன்னதி. அங்க உட்கார்ந்திருக்கிறது ராமானுஜரோட திருமேனியேதான்னு வைஷ்ணவங்க நம்புறாங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சேர்த்துச் சாத்துறாங்க. அங்க தீட்டுன்னு யாரும் பேசுறதில்லையே. மீனா மேடம், நீங்க கும்பிட்டிருந்தாலும் குத்தமில்ல.

என் கதை பாலம். ரெண்டு நாட்டையும் இணைச்சு மெகோங் மேல 1994ல ஆஸ்திரேலியா காசுல கட்டின நட்புப் பாலம், நீளம் 1,170 மீட்டர். சாலைக்கு நட்ட நடுவுலயே தண்டவாளம் ஓடும். ரயில் வரும்போது ரெண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திடுவாங்க. நான் போனப்ப ரயில் லாவோஸ் பக்கத்து தனலேங் ஸ்டேஷன் வரைக்கும்தான், கால் மணி நேரப் பயணம். 2024 ஜூலையிலேர்ந்து லாவோஸ் தலைநகர் வியஞ்சானோட கம்சவாத் ஸ்டேஷன் வரைக்கும் நேரா போகுது.

ஜன்னல்ல தலையை நீட்டிப் பாத்துட்டே இருந்தேன். பாலத்து ஓரமா வரிசையா தாய்லாந்துக் கொடி. பாதி தாண்டினதும் அதே கம்பங்கள்ல லாவோஸ் கொடி. எதிர் சீட்ல ஒரு கிழவர், மடியில கோழிக்குஞ்சுக் கூடை. கொடி மாறின இடத்துல குஞ்சு ஒண்ணு கூடையிலேர்ந்து குதிச்சு சீட்டுக்கு அடியில ஓடிடுச்சு. பெட்டி மொத்தமும் குனிஞ்சு தேடுது, சீருடை போட்டவர் ஒருத்தரும் மண்டி போட்டுத் தேடினார். எந்த நாட்டுக்காரர்னு எனக்குத் தெரியல. கடைசியில பிடிச்சுக் கொடுத்தது அவர்தான். கிழவர் நன்றி கூடச் சொல்லல, குஞ்சை வாங்கி எண்ணிப் பாத்து மூடி வச்சுக்கிட்டார்.

ஓய்வு பெற்ற கணக்கர்

அன்பர்களுக்கு வணக்கம். பாங்காக்கில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒரு நிகழ்ச்சி. சக ஊழியர் ஒருவரும் நானும் சனிக்கிழமை ஒருநாள் வியஞ்சானைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். பாலத்துக் குடிநுழைவு வரிசையில் அதிகாரி அவருடைய கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு முத்திரையைக் கீழே வைத்தார். "ரீ-என்ட்ரி?" என்று ஒரே சொல். நண்பர் முகத்தில் ரத்தம் இல்லை. அந்த முத்திரை விழுந்திருந்தால் அவருடைய வேலை விசா அந்த நிமிடமே போயிருக்கும். நல்ல மனிதர், கேட்டார். கேட்காமல் குத்திவிடுபவர்களும் உண்டு.

ஆகவே போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை. வேலை விசாவில் இருப்பவர்கள் நாட்டை விட்டு வெளியேறுமுன் மறுநுழைவு அனுமதி வாங்கியே ஆக வேண்டும். படிவத்தின் பெயர் டி.எம்.8. ஒரு முறைக்கு 1,000 பாத், பல முறைக்கு 3,800 பாத் கட்டணம். வருடத்தில் மூன்று தடவைக்கு மேல் வெளியே போகிறவர்களுக்கு எது மிச்சம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்ல வேண்டும். லாவோஸ் விசாவுக்குக் கட்டணத்தை அமெரிக்க டாலராகக் கொண்டுபோங்கள். மடங்கிய, கிறுக்கிய நோட்டு ஆகாது. பாத்திலும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் அவர்கள் போடும் விகிதத்தில் உங்களுக்கு நஷ்டம். புகைப்படம் கையில் இருக்கட்டும். ரயிலடியில் துக்-துக் ஓட்டுநர் "விசா ஆபீஸ்" என்று ஒரு கடை வாசலில் கொண்டுபோய் இறக்கினால் இறங்காதீர்கள், பாலத்துக்கே போகச் சொல்லுங்கள். பாலத்தை நடந்து கடக்க விடமாட்டார்கள். அதற்கென்று ஓடும் பஸ்ஸில் சீட்டு வாங்க வேண்டும். பாலம் காலை ஆறிலிருந்து இரவு பத்து வரைதான். வார இறுதியிலும் மாலையிலும் லாவோஸ் பக்கம் சிறு தொகை கூடுதலாகக் கேட்பார்கள், அதற்காக அங்கே நின்று வாதாட வேண்டாம். தாய்லாந்தில் வண்டி இடப்பக்கம், லாவோஸில் வலப்பக்கம். லாவோஸ் முனையில் சிக்னல் போட்டு மாற்றிவிடுவார்கள். சொந்த வண்டியில் போகிறவர்கள் அங்கே தூங்கிவிடக் கூடாது. விதிகள் அடிக்கடி மாறுகின்றன, கிளம்புமுன் ஒரு முறை சரிபார்க்கவும்.

மாம்பலம் மீனா

சார், ரொம்ப நன்றி. நான் விசாவைப் பத்திக் கேட்கவே இல்ல, பரவாயில்ல. உங்க நண்பர் அப்புறம் வியஞ்சான் போனாரா, அதைச் சொல்லாம விட்டுட்டீங்களே?

ரயில், உங்க ஸ்ரீரங்கம் பதில் அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். "அது பெருமாள் கோயில்டி, இது யாரோ"ன்னுட்டாங்க.

தென்மராட்சியான்

நான் பாரிசில இருக்கிறன். மனிசியோட தாய்லாந்து சுத்தப் போன நேரம் நோங் காய்க்கும் போனனாங்கள். இங்க எல்லாரும் பாலத்தையும் சிலையையும் பற்றிக் கதைக்கிறியள், அந்த ஊர்ச் சனத்தைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல.

ஆத்தங்கரையில ஒரு வியட்நாம் சாப்பாட்டுக் கடை. நெம் நுவாங் எண்டு சொல்லுவினம், சுட்ட பண்டி இறைச்சியை அரிசித் தாளில இலைகுழையோட சுத்தித் தின்னுறது. கடைக்கார அம்மாவுக்கு எண்பது வயசுக்குக் கிட்ட இருக்கும், மேசையில இருந்து இலை துப்பரவாக்கிக்கொண்டு இருந்தவ. மகனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். எந்த நாடு எண்டு கேட்டான். பிரான்ஸ் எண்டு சொன்னன், வாய்ப் பழக்கம். அவன் தாய்க்குச் சொன்னதும் அந்த மனிசியின்ர கை நிண்டுட்டுது.

பிறகுதான் விசயம் தெரிஞ்சுது. 1946 இல பிரெஞ்சுக்காரர் வியஞ்சானைத் திருப்பிப் பிடிச்ச நேரம் அங்க இருந்த வியட்நாம் சனம் வள்ளத்தில ஆத்தைக் கடந்து இஞ்சால ஓடி வந்தது. இவவைத் தாய் கைக்குழந்தையாத் தூக்கிக்கொண்டு வந்தவவாம். 1960களில கன பேரைக் கப்பலில வட வியட்நாமுக்கு அனுப்பிப்போட்டினம். மிஞ்சினவைக்குக் குடியுரிமை இல்லை, அனுமதி இல்லாமல் மாகாணத்தை விட்டு வெளிக்கிட ஏலாது. பேரப்பிள்ளையள் காலத்திலதான் எல்லாருக்கும் கடதாசி கிடைச்சதாம்.

நான் உடன நாங்கள் வெள்ளைக்காரர் இல்லை, இலங்கைத் தமிழர், சண்டைக்கு ஓடி வந்தனாங்கள், பிரான்ஸ்தான் எங்களுக்கு இடம் தந்தது எண்டு சொன்னன். மகன் மொழிபெயர்த்தான். அந்த அம்மா என்னைப் பார்க்கேல்ல, மனிசியைத்தான் பார்த்தவ. ஒரு தாளைச் சுத்தி அவவின்ர கையில குடுத்துப்போட்டு மகனிட்ட ஏதோ கேட்டவ. "எத்தினை வருசத்தில கடதாசி தந்தவங்கள் எண்டு அம்மா கேக்கிறா" எண்டான். நான் சொன்னன். அதைக் கேட்டு அவ சிரிச்ச சிரிப்பு கோவமோ பகிடியோ எண்டு நானும் மனிசியும் இப்பவும் சண்டை பிடிக்கிறனாங்கள்.

அதே கரையில, லாவோஸில கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த 1975க்குப் பிறகு லாவோஸ்காரர், அங்கத்தை மலைச் சனமான மொங் ஆக்கள் எல்லாம் மூங்கிலையும் டியூப்பையும் கட்டிக்கொண்டு நீந்தி வந்து ஏறினவை. பெரிய அகதி முகாமே இருந்தது. இப்ப பின்னேரத்தில பாட்டுப் போட்டு ஏரோபிக்ஸ் செய்யினம். செய்யட்டும், நல்லதுதான். மீனா அக்கா, உங்கட புன்லுவாவும் அப்பிடி வந்த ஆள்தானே. 1958 இல அக்கரையில கட்டின தோட்டத்தை 1975 இல விட்டிட்டு வந்து, 1978 இல இக்கரையில முதலில இருந்து தொடங்கினவர். எனக்கு அவர் சித்தரும் இல்லை, கிறுக்கரும் இல்லை. எங்கட ஆக்கள் பாரிஸ் லாச்சப்பலில கோயில் கட்டினது ஏனெண்டு தெரிஞ்சவனுக்கு அவரைத் தெரியும்.

சும்மா சுத்துறவன்

யாரும் நெருப்புப் பந்து பத்தி எழுதலையா? மெகோங் ஆத்துல இருக்கிற நாகத்தோட மூச்சுன்னு ஊர் ஜனம் நம்புது. பௌத்தங்களோட மழைக்கால விரதம் முடியுற பௌர்ணமி, பெரும்பாலும் அக்டோபர்ல வரும். நோங் காய் மாகாணத்துல போன் பிசாய்ங்கிற ஊர்ப் பக்கம் ஆத்தங்கரையில லட்சக்கணக்குல கூட்டம். பாயை விரிச்சு, சோத்தைக் கட்டிட்டு வந்து உக்காந்திருக்காங்க. இருட்டினப்புறம் ஆத்துலேர்ந்து சிவப்பா ஒரு உருண்டை, சத்தம் இல்லாம, புகை இல்லாம நேரா மேல போய் அணைஞ்சுடுது. கரை முழுக்க "ஓஓ"ன்னு ஒரு அலறல்.

நான் பாத்தேன். ஒண்ணு இல்ல, பல. பக்கத்துல இருந்த பாட்டி ஒவ்வொண்ணுக்கும் கையைத் தூக்கிக் கும்பிட்டாங்க. அவங்க பேரன் மட்டும் போன்ல கேம் விளையாடிட்டிருந்தான், ஒரு தடவைகூட நிமிர்ந்து பாக்கல. எனக்கு இப்பவும் மனசுல நிக்கிறது நெருப்பு இல்ல, அந்தப் பையன். வருஷா வருஷம் கூட்டிட்டு வருவாங்க போல.

கருப்புக் காபி

மன்னிக்கணும், அது துப்பாக்கி. 2002ல தாய்லாந்து டிவி ஒண்ணுலயே காட்டினாங்க, எதிர்க்கரையில லாவோஸ் சிப்பாய்ங்க வானத்தைப் பாத்து ஒளிக்குண்டு சுடுறதை. ஊரே கொந்தளிச்சுது. சத்தம் ஏன் கேக்கலன்னா, ஆறு அங்க அரை கிலோமீட்டருக்கு மேல அகலம். வெடிச் சத்தம் வந்து சேர ஒண்ணரை ரெண்டு செகண்ட் ஆகும். அதுக்குள்ள இந்தக் கரை ஜனம் அலறிடும், வெடி அதுல அமுங்கிடும். ஆத்தடியில மக்குற குப்பையிலேர்ந்து வாயு கிளம்பித் தானா பத்திக்குதுன்னு ஒரு கட்சி சொல்லுது. தானா பத்துற வாயு அந்த ஒரு பௌர்ணமிக்கு மட்டும் காலண்டர் பாத்துப் பத்துமா?

சும்மா சுத்துறவன்

சித்தர் குழிக்குள்ள விழுந்ததை நம்புவீங்க, நாகம் மூச்சு விட்டா மட்டும் துப்பாக்கியா? நல்லா இருக்கு நியாயம். நீங்க அந்தக் கரையில உக்காந்து பாத்தீங்களா, டிவியில பாத்தீங்களா?

ராத்திரி ரயில்

சண்டையை விடுங்க. தா சதெட் சந்தைப் பக்கம் படகுத்துறை இருக்கே, பாத்திருக்கீங்களா? உள்ளூர் தாய்லாந்துக்காரங்களும் லாவோஸ்காரங்களும் ஒரு அனுமதிச் சீட்டைக் காட்டிட்டு கூடையோட படகு ஏறிப் போறாங்க, வர்றாங்க. நான் பாஸ்போர்ட்டை நீட்டினேன். அந்த அதிகாரி சிரிச்சுட்டு, பாலம் இருக்கிற திசையைக் கையால காட்டினார். எனக்குப் பின்னாடி நின்ன அம்மா கையில வெங்காயத்தாள் கட்டு, என்னைத் தாண்டி நேரா படகுல போய் உக்காந்தாங்க.

கருப்புக் காபி

சுத்துறவன், டிவியிலதான் பாத்தேன். சரி, இந்த அக்டோபர் நேர்லயே வந்து பாத்துடுறேன். பௌர்ணமிக்கு நோங் காய்ல ரூம் கிடைக்குமா?

ஓய்வு பெற்ற கணக்கர்

கிடைக்காது. உடோன் தானியில் தங்குங்கள், ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான், விமான நிலையமும் அங்கேதான். ஆனால் போன் பிசாயிலிருந்து திரும்பும் வண்டிகள் விடியும்வரை நகராது. வேனுக்குப் போகவரச் சேர்த்தே பேசி முடியுங்கள், தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். மீனா அம்மா, நண்பர் அன்று போகவில்லை. நான் மட்டும் போய் வந்தேன்.