புது ஃபைபர் போட்டும் ஸ்பீடு இல்லை, கேமராவும் தெரியவில்லை, அவசரம்

தெற்குசித்திரை:
வணக்கம். ஸ்ரீரங்கத்தில் அம்மா வீட்டில் நேற்றுதான் பழைய நெட்டை விட்டுவிட்டுப் புது ஃபைபர் போட்டோம். 300 எம்பிபிஎஸ் பிளான், ஆனால் 94க்கு மேல் ஏறவே இல்லை, பத்து முறை பார்த்துவிட்டேன். அதைவிட முக்கியம், கேமராவை போனில் பார்க்க முடியவில்லை. அம்மா தனியாக இருக்கிறார், நான் நாளைக் காலை பல்லவனில் சென்னை திரும்ப வேண்டும். கஸ்டமர் கேரில் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

மலைக்கோட்டை77:
எந்த ரவுட்டர்? ஸ்பீடு பார்த்தது வைஃபையிலா, லேன் வயரிலா? கேமரா வீட்டுக்குள் தெரிகிறதா, இல்லை அங்கேயும் இல்லையா?

உறையூரான்:
டிஎன்எஸ்ஸை 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள். எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் நான் முதலில் செய்வது இதுதான், எங்கள் வீட்டில் அப்புறம் எல்லாம் பளிச்சென்று திறக்கிறது.

பழையமோடம்:
டிஎன்எஸ் இணையதளத்தின் பெயருக்கு முகவரி தேடிக் கொடுக்கும், அவ்வளவுதான். அதனால் 94 ஒருநாளும் 300 ஆகாது. இதை எத்தனை முறை எழுதுவது? கேட்பவர்களும் எது எதில் மாட்டியிருக்கிறது என்று ஒரு வரி எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். 94 என்ற எண்ணே பாதி பதில். 100 எம்பிபிஎஸ் போர்ட் (லேன் வயர் செருகும் துளை) வழியாக வந்தால் கைக்குக் கிடைப்பது அவ்வளவுதான். வழியில் எங்கோ பழைய போர்ட் ஒன்று இருக்கிறது, அல்லது லேன் வயரில் எட்டுக் கம்பிக்குப் பதில் நாலுதான் சேர்ந்திருக்கிறது.

காவிரிக்கரை:
கேமரா விஷயம் சிஜிநாட்தான், சந்தேகமே வேண்டாம். ரவுட்டரில் வேன் ஐபி, அதாவது நெட் கம்பெனி அதற்குக் கொடுத்த முகவரி, 100.64 முதல் 100.127க்குள் இருந்தால், பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளி முகவரி கொடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வருவதைக் கேமராவுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டு பண்ணிப் பயனில்லை. உங்களுக்கே உரிய மாறாத வெளி முகவரி, அதாவது ஸ்டேடிக் ஐபி கேளுங்கள், தனியாகக் காசு ஆகும்.

புத்தூர்வாசி:
மொபைல் எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றுவது போலப் பழைய நெட்டையே போர்ட் பண்ணியிருந்தால் இந்தத் தொல்லை இல்லையே?

பழையமோடம்:
போர்ட் பண்ணுவது மொபைல் எண்ணுக்கு. அதுவே நாடு முழுக்க வந்தது 2011 ஜனவரியில். வீட்டு நெட்டுக்கு அப்படி ஒன்று கிடையாது. புதிதாக எடுத்து, பழையதை நாமே சரண்டர் பண்ண வேண்டும்.

புத்தூர்வாசி:
தெரியாமல்தான் கேட்டேன், கொஞ்சம் மரியாதையாகச் சொல்லலாம். சரண்டர் பண்ணுவதற்கு முன் பத்து நாளாவது இரண்டையும் ஓடவிட வேண்டும், அதையாவது ஒத்துக்கொள்வீர்களா?

உறையூரான்:
இரண்டுக்கும் பணம் யார் கட்டுவது? புதுசு வந்த அன்றே பழையதை வெட்டிவிட வேண்டும். மோடத்தைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்காமல் விட்டு எனக்கு மூன்று மாதம் பில் வந்தது.

புத்தூர்வாசி:
ரசீது சரி. ஆனால் வயதானவர் தனியாக இருக்கும் வீட்டில் ஒரு நாள் நெட் இல்லாமல் போனாலும் கஷ்டம். அதற்கு அந்தப் பணம் பெரிதில்லை.

தெற்குசித்திரை:
மன்னிக்கவும், அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். ஹாலில் புதுப் பெட்டி, அதிலிருந்து சுவர் வழியாக லேன் வயர் உள் அறைக்குப் போகிறது, அங்கே பழைய ரவுட்டர், அதன் வைஃபையில்தான் பார்த்தேன். அதிலும் 300 என்றுதான் போட்டிருக்கிறது. கேமராப் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் நேராகப் புதுப் பெட்டியில். போர்ட் ஃபார்வர்டு எதுவும் இல்லை, ஆப்பில் கியூஆர் ஸ்கேன் பண்ணிப் பார்ப்போம்.

மலைக்கோட்டை77:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கியூஆர் என்றால் சிஜிநாட்டைக் கவலைப்பட வேண்டாம், டிவிஆரே வெளியே போய் சர்வரைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது வெளியே போக கேட்வே, அதாவது வாசலாக இருக்கும் ரவுட்டரின் முகவரி, சரியாக இருக்க வேண்டும். பழைய ரவுட்டர் 192.168.1.1 ஆக இருந்து, புதுப் பெட்டி 192.168.100.1 ஆக இருந்தால், டிவிஆர் இல்லாத வாசலைத் தட்டிக்கொண்டிருக்கும். டிவியில் டிவிஆர் மெனு, நெட்வொர்க், முகவரிகளைத் தானாக வாங்கிக்கொள்ளும் டிஹெச்சிபியை ஆன் பண்ணுங்கள். ரயிலுக்கு முன் இதை முடியுங்கள், ஸ்பீடு காத்திருக்கும். ரவுட்டரில் இருக்கும் 300 வைஃபை கணக்கு, அந்த வகையில் பெரும்பாலும் லேன் போர்ட் 100தான். லேப்டாப்பைப் புதுப் பெட்டியில் நேராக மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தெற்குசித்திரை:
கேமரா வந்துவிட்டது!! டிஹெச்சிபிதான். போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவிலும் பார்த்துவிட்டேன், வாசலும் சமையலறையும் தெரிகிறது. ரொம்ப நன்றி மலைக்கோட்டை சார். கிளம்புகிறேன்.

காவிரிக்கரை:
இருந்தாலும் வேன் ஐபி என்ன என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

பழையமோடம்:
லேப்டாப்பை நேராக மாட்டிப் பார்த்தீர்களா? போர்ட்டா வயரா?