சஸ்பென்ஷன் ஃபோர்க்: கைந்நூலுக்கு ஒரு சொல் வேண்டும்

கோவையிலிருந்து:

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

மலைப்பாதையில் மிதிவண்டி ஓட்டப் பழகும் இளைஞர்களுக்கான சிறு கைந்நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கையில் இருக்கும் பணத்துக்கு நல்ல சஸ்பென்ஷன் ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்துக்கொண்டு மேடுபள்ளத்தில் ஸ்பிரிங்கால் அமுங்கி எழும் உறுப்பை, எப்படிப் பார்த்து வாங்குவது என்பதுதான் பொருள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தலைப்பிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

தானியங்கி மொழிபெயர்ப்பு ‘இடைநீக்க முட்கரண்டி’ என்று கொடுத்தது. முதல் பாதி அலுவலக ஆணையில் வருவது, இரண்டாம் பாதி சாப்பாட்டு மேசையில் இருப்பது. இப்போதைக்கு ‘அதிர்வுதாங்கி’ என்று போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. கூடவே இவற்றுக்கும் சொல் வேண்டும்: கீழ்க்குழாய்க்குள் இறங்கி ஏறும் பளபளப்பான குழாய், அதாவது ஸ்டான்ஷன்; அது இறங்கக்கூடிய தூரமான டிராவல்; ஆள் ஏறி உட்கார்ந்ததும் ஃபோர்க் தானாக இறங்கும் அளவு, அதைச் ‘சாக்’ (sag) என்கிறார்கள்; அமுங்கியது மீண்டு எழுவதான ரீபவுண்ட்; ஃபோர்க் அமுங்காதபடி பூட்டிவைக்கும் லாக்கவுட். பதினோராம் வகுப்புப் பிள்ளை படித்தால் புரிய வேண்டும். அதுதான் எனக்கு அளவுகோல்.

தஞ்சையிலிருந்து:

அம்மா, ஃபோர்க்குக்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. கவை இருக்கிறது. முல்லைப்பாட்டில் யானைப் பாகர் கையில் வைத்திருப்பது ‘கவைமுட் கருவி’. இன்னும் பொருத்தமான ஆட்சி குறுந்தொகை 324இல் உண்டு: ‘கவைமக நஞ்சுண் டாஅங்கு’. கவைமகவு என்றால் இரட்டைப் பிள்ளை. ஒரு வயிற்றிலிருந்து இரண்டு. உங்கள் ஃபோர்க்கும் அப்படித்தானே, ஒரு தலையிலிருந்து இரண்டு கால்கள் பிரிகின்றன? இதைவிடத் துல்லியமாக ஒரு சொல் அமையாது. உள்ளே வில் இருப்பதால் விற்கவை. மூன்றரை எழுத்தில் முடிந்தது.

மதுரையிலிருந்து:

ஐயா, நான் சைக்கிள் கடை வைத்திருக்கிறவன், புலவன் இல்லை. கடைக்கு வருகிற யாரும் கவை என்று கேட்டதில்லை. ‘போர்க்கு வளைஞ்சிருச்சுண்ணே’ என்பார்கள். ஸ்பிரிங் உள்ளதைக் கேட்கிற பையன் ‘ஷாக்கப்சர் வச்ச போர்க்கு’ என்பான். போர்க்கு, ரிம்மு, பால்ரஸ், மட்கார்டு எல்லாம் எங்கள் அப்பா காலத்திலேயே தமிழாகிவிட்டன. ‘போர்க்கு’ என்றே போடுங்கள். வாங்கப்போகிற பையன் அதைச் சொல்லித்தான் கேட்பான், விற்கிறவனும் அதைச் சொல்லித்தான் எடுத்துக் கொடுப்பான்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். ஸ்பிரிங்குக்கு ‘வில்’ என்பதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். எங்கட பள்ளிக்கூடங்களில் விற்றராசு என்றுதான் படிப்பித்து வருகிறோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அதே கருவி சுருள்வில் தராசு. ஆகவே இரு கரையிலும் வில் பழகிய சொல்தான்.

சஸ்பென்ஷனுக்குத் ‘தொங்கல்’ என்று யாரும் முன்மொழிய முன்னர் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய குதிரை வண்டிகளில் பெட்டியைத் தோல்வார்களில் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பெயர் அங்கிருந்து வந்தது. மிதிவண்டியின் முன்காலில் எதுவும் தொங்குவதில்லை, ஓட்டுகிறவரின் பாரம் மேலிருந்து அழுத்துகிறது. அதோடு தொங்கல் என்பது வேதியியலில் நீரில் கரையாமல் மிதக்கும் துகள்களுக்கு வழங்கிவிட்டது. பொருளைப் பார்த்துப் பெயர் வைப்போம்.

கவையில் எனக்குத் தடையில்லை. கவட்டுத்தடி எங்கட ஊரில் எல்லாருக்கும் தெரியும். கவட்டை என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் விற்கவை? புலவர் ஐயா, அதை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். ‘விற்க வை’ என்று வருகுது. பொருள் வாங்குவதற்கான கைந்நூலில்!

தஞ்சையிலிருந்து:

சேரனின் விற்கொடியை ‘விற்கக் கொடி’ என்று படித்தவர் உண்டா? இடம் நோக்கிப் பொருள் கொள்வது வாசகர் கடமை. ‘வில்லை உடைய கவை’ என்று விரிகிறது. இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. லகரம் றகரமாகாமல் நிற்க வழியில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வேற்றுமையாக விரித்தால் சரி. வில்லாகிய கவை என்று இருபெயரொட்டாகக் கொள்ளலாமே? நன்னூலார் ‘அல்வழி அவற்றோடு உறழ்வும்’ என்று கதவைத் திறந்துதானே வைத்திருக்கிறார்? கல்குறிது, கற்குறிது இரண்டும் செல்லும் என்றால் வில்கவையும் செல்லும்.

தஞ்சையிலிருந்து:

கவை வில் அன்று. கவைக்குள்ளே வில் இருக்கிறது. உள்ளதைக் கொண்டு விரிக்க வேண்டும், வசதியைக் கொண்டு விரிக்கக் கூடாது. கல்குறிது எழுவாய்த் தொடர், அதை இங்கே இழுப்பது பொருந்தாது.

டொராண்டோவிலிருந்து:

ஐயா இருவருக்கும் வணக்கம். புணர்ச்சியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் டான் பள்ளத்தாக்குப் பாதைகளில் வார இறுதிகளில் ஓட்டுகிறவன், குறைந்த விலை ஃபோர்க்குகளைக் கழற்றிப் பூட்டிப் பழகியவன். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும்.

கோவை அக்கா, ‘அதிர்வுதாங்கி’யை எடுத்துவிடுங்கள். வாசகரைத் தவறான ஃபோர்க்கை வாங்க வைக்கும் சொல் அது. ஃபோர்க்குக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. வில் அடியை வாங்கி வைத்துக்கொள்கிறது, உடனே திருப்பித் தருகிறது. திருப்பித் தரும் வேகத்தைக் குறைப்பது வேறோர் உறுப்பு. அதில் எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிப் போகும்போது அடியின் ஆற்றல் வெப்பமாகிக் கழிகிறது. முதலாவது எல்லா சஸ்பென்ஷன் ஃபோர்க்கிலும் இருக்கும். இரண்டாவது மலிவானவற்றில் பெரும்பாலும் இருக்காது. விலை கூடுவதற்கு முதல் காரணமே அதுதான்.

சன்டூர் எக்ஸ்சிடி என்ற ஃபோர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் மலிவான மலைமிதிவண்டி எதைப் பார்த்தாலும் அதில் இது, அல்லது இதைப் போன்ற ஒன்று இருக்கும். உள்ளே சுருள்வில். எடை இரண்டரைக் கிலோ அளவில் வரும். கல்லில் மோதினால் அமுங்கும், பிறகு துள்ளி எழும். வேர்களும் கற்களும் அடுத்தடுத்து வரும் இறக்கத்தில் முன்சக்கரம் மண்ணைவிட்டு எழும்பிக்கொண்டே போகும், பிடி போய்விடும். ‘அதிர்வைத் தாங்கும்’ என்று நம்பி வாங்கிய பையன் தன் கைத்திறனைத்தான் குறை சொல்லிக்கொள்வான். ராக்ஷாக்ஸ் ஜூடி என்ற ஃபோர்க்கில், அடைத்த காற்றே வில்லாக வேலை செய்யும் காற்று வில்லும், மீளும் வேகத்தைத் திருத்தும் திருகும் உண்டு. சன்டூர் ரெய்டனிலும் அப்படியே. பணம் கொஞ்சம் சேர்த்து அந்தப் படிக்கு ஏறுவதுதான் உண்மையில் ‘மலிவு’. அதற்கும் வழியில்லை என்றால் வில்லே இல்லாத எஃகு ஃபோர்க் மேல். ஏறத்தாழ ஒரு கிலோதான் வரும், பழுதாக உள்ளே ஒன்றுமில்லை.

ஆகவே எனக்கு வேண்டியது ஒரு சொல் அல்ல, இரண்டு. வில்லுக்கு ஒன்று, தணிப்பதற்கு ஒன்று. ‘இதில் வில் உண்டு, தணிப்பு இல்லை’ என்று ஒரு வரியில் எழுத முடிய வேண்டும். அந்த வரியை எழுத முடிந்தால் கைந்நூலில் பாதி முடிந்த மாதிரி.

மதுரையிலிருந்து:

தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு. கடையில் நான் செய்து காட்டுவது இதுதான்: முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை நல்லா அழுத்தி, டக்கென்று விடு. ‘டங்’ என்று அடித்துக்கொண்டு மேலே வந்தால் வெறும் ஸ்பிரிங். மெதுவாக எழுந்தால் உள்ளே எண்ணெய் வேலை செய்கிறது. ஜூடி மாதிரி உள்ளதில் வலது காலுக்கு அடியில் சிவப்புத் திருகு இருக்கும், அதைத் திருப்பினால் எழுகிற வேகம் மாறும். மேலே இருக்கிற லாக்கவுட் லீவரைப் பார்த்து ‘இது ஹைட்ராலிக்’ என்று ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். பூட்டு வேறு, இது வேறு. இதைக் கைந்நூலில் கட்டாயம் போடுங்கம்மா.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அருமை. டாம்பிங்குக்கு, அதாவது துள்ளலைக் குறைக்கும் இந்த வேலைக்கு, தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘தடையுறு அலைவு’ என்று வரும். நாங்கள் தணித்தல் என்கிறோம். இந்த இடத்துக்குத் தணிப்பு நல்லது. தடை என்றால் பிரேக் என்று எடுத்துக்கொள்வார்கள். உறுப்புக்குத் தணிப்பி.

வில் என்ற சொல்லின் பெருமை இன்னொன்று. 1989இல் வந்த ராக்ஷாக்ஸ் ஆர்எஸ்-1இல் சுருள் கிடையாது, காற்றும் எண்ணெயும்தான். பிறகு ரப்பர் போன்ற மீள்மக் கட்டைகளை அடுக்கிய ஃபோர்க்குகள் வந்தன. சுருள், காற்று, மீள்மம் மூன்றையும் ‘சுருள்’ என்று சொல்ல முடியாது, ‘வில்’ என்று சொல்லலாம். வளைத்தால் ஆற்றலை வாங்கி வைத்து, விட்டால் திருப்பித் தருவதுதானே வில்?

தஞ்சையிலிருந்து:

தணிப்பி நன்று. சினம் தணியும், வேட்கை தணியும், அதிர்வும் தணியட்டும்.

கவையைப் பற்றி இன்னொரு செய்தி. ‘கவைக்குதவாத பேச்சு’ என்கிறோமே, அந்தக் கவை எது? மாட்டுத் தொழுவத்துக்குக் கவைக்கால் நடுவார்கள். அதற்குக்கூட உதவாத கோணல் மரம் என்பதிலிருந்து அந்த வழக்கு பிறந்திருக்கும் என்பது என் ஊகம். கவடு, கவண், கவட்டை, கவர் எல்லாம் ஒரே வேரின் கிளைகள். கவர்ந்த வழி என்றால் பிரிந்த வழி. கவர்தல் என்ற வினைக்கும் அதற்கும் உள்ள உறவை விரித்தால்…

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, மன்னிக்க வேணும். அந்தக் கவை ‘காரியம், பயன்’ என்ற பொருளில் வருவது, மரத்தோடு சேராது என்று நினைக்கிறேன். ‘கவலை’ என்ற சொல் கிளைவழியையும் மனக்கலக்கத்தையும் குறிப்பதையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். வழி பிரியும் இடத்தில் நிற்பவனுக்குத்தானே கலக்கம்?

கோவையிலிருந்து:

ஐயா இருவரும் பொறுத்தருள வேண்டும். கவலையைத் தனி இழையில் தொடங்குங்கள், நானும் ஆவலோடு படிப்பேன். இன்று புதன்கிழமை.

இதுவரை எடுத்துக்கொண்டவை: ஃபோர்க் – கவை. ஸ்டான்ஷன் – உள்தண்டு. டிராவல் – அமுங்குநீளம். ரீபவுண்ட் – மீள்வு. லாக்கவுட் – பூட்டு. டாம்பிங் – தணிப்பு. மிச்சம் இருப்பது சாக். ‘அமர்வு’ என்று எழுதியிருந்தேன், கருத்தரங்க அமர்வு நினைவுக்கு வந்து தடுக்கிறது.

டொராண்டோவிலிருந்து:

அமர்தாழ்வு? 100 மில்லிமீட்டர் அமுங்குநீளம் உள்ள ஃபோர்க்கில், ஏறி அமர்ந்ததும் 20 முதல் 25 வரை தாழ்ந்தால் சரி. ‘அமர்தாழ்வு 20’ என்றால் என்ன அளக்க வேண்டும் என்பது சொல்லிலேயே இருக்கிறது. காற்றுவில் என்றால் ஓட்டுபவரின் எடைக்கு ஏற்பத் தனிப் பம்பால் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிசெய்யலாம். சுருள்வில் என்றால் மேல்திருகு தொடக்க இறுக்கத்தை மட்டும் மாற்றும், வில்லின் வலு மாறாது. எடை மிகக் கூடியவரும் மிகக் குறைந்தவரும் சுருளையே மாற்ற வேண்டியிருக்கும்.

பொருத்தம் பற்றியும் ஒரு பத்தி இருக்கட்டும். வாங்கிக் கொண்டுவந்த கவை வண்டியில் ஏறவில்லை என்றால் என்ன சொல் வைத்து என்ன பயன்? கவையின் தலையிலிருந்து சட்டகத்துக்குள் ஏறும் கைப்பிடித் தண்டு மேலிருந்து கீழ்வரை ஒரே 28.6 மில்லிமீட்டரா, அடியில் ஒன்றரை அங்குலமாக விரிகிறதா. அச்சு 9 மில்லிமீட்டரா 15 மில்லிமீட்டரா. சக்கரம் 26, 27.5, 29 அங்குலங்களில் எது. டிஸ்க் பிரேக் மாட்டக் காது உண்டா. நான்கையும் பழைய கவையில் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போகச் சொல்லுங்கள். 100 மில்லிமீட்டருக்கு வடித்த சட்டகத்தில் 140ஐ மாட்டினால் வண்டியின் முகம் தூக்கிக்கொள்ளும், திருப்பம் மந்தமாகும்.

மதுரையிலிருந்து:

அமர்தாழ்வு எனக்கே புரிகிறது, பையன்களுக்கும் புரியும். கவைக்கு மட்டும் இன்னும் என் ஓட்டு இல்லை. முதல் பக்கத்திலாவது ‘போர்க்கு’ என்று இருக்கட்டும்.

கோவையிலிருந்து:

நன்றி. முடிவாக இப்படிப் போகிறேன். அட்டையிலும் முதல் பக்கத்திலும் ‘போர்க்கு எனப்படும் முன்கவை’. உள்ளே எல்லா இடத்திலும் கவை. வகை சொல்லும்போது சுருள்வில் கவை, காற்றுவில் கவை, வில்லிலாக் கவை. ஒவ்வொரு மாதிரிக்கும் எதிரே ‘தணிப்பு உண்டு’, ‘தணிப்பு இல்லை’ என்று ஒரு கட்டம். விற்கவையை எடுத்துக்கொள்ளவில்லை. ‘நல்ல விற்கவை விற்கும் கடை’ என்றொரு தொடர் உண்மையாகவே வருகிறது, அதை எந்தப் பிள்ளையும் ஒரு மூச்சில் படிக்காது. சொற்களை இடம்விட்டு எழுதினால் சிக்கல் தீர்ந்துவிடுகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

சம்மதம்.

டொராண்டோவிலிருந்து:

அந்தக் கட்டம் ஒன்றுக்காகவே சம்மதம். 50 மணி நேரம் ஓட்டியதும் கீழ்க்குழாயைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்றுவது நல்ல கவைகளுக்கு விதி, அதையும் கடைசிப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

தஞ்சையிலிருந்து:

பெரும்பான்மை அப்படியென்றால் நான் குறுக்கே நிற்கவில்லை. கவை நிலைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் சுருள்வில் கவை என்று பிரித்து எழுதுவது தொகைச்சொல்லை உடைப்பதாகும். சுருள்விற்கவை, காற்றுவிற்கவை என்றே இருக்க வேண்டும். விற்றராசு எழுதும் கையால் வில் கவை என்று எழுத யாழ்ப்பாணத்து நண்பர் எப்படிச் சம்மதித்தார் என்பது எனக்கு விளங்கவில்லை. என் மறுப்பைக் குழுமப் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பதிப்பு வரும்போது மறுபடியும் எழுதுவேன்.