‘கேப்லெஸ் பிளேபேக்’: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

இசைப்பான் மென்பொருளின் அமைப்புகள் பக்கத்தில், ஒரு தடம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் ஒலி நிற்காமல் ஓடச் செய்யும் ‘கேப்லெஸ் பிளேபேக்’ என்பதற்கு ‘இடைவெளியற்ற பின்னணி’ என்று போட்டிருக்கிறோம். ‘பின்னணி’ சினிமாப் பாடலிலிருந்து ஒட்டிக்கொண்டது, எடுத்துவிடலாம். மாற்றாக மூன்று சொற்கள் வந்துள்ளன: இடைவெளியில்லா இசைப்பு, தொடர் இசைப்பு, இடைமௌனமின்றி. அதே பக்கத்தில் அடுத்த வரியாக வரும் ‘கிராஸ்ஃபேடு’க்கும் (ஒரு பாட்டு தேயும்போதே அடுத்தது ஏறி வருவது) ஒரு சொல் வேண்டும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

> தொடர் இசைப்பு

இது வேண்டாம் ஐயா. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதைத்தான் எல்லோரும் அப்படிப் புரிந்துகொள்வார்கள். அது எல்லா இசைப்பானிலும் இருக்கிறது.

> இடைமௌனமின்றி

கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் பொருள் தவறிவிடும். குறுவட்டில் இரண்டு பாட்டுகளுக்கு நடுவே பதிவு செய்தவரே 2 விநாடி மௌனம் விட்டிருந்தால், இந்த வசதி அதைத் தொடாது, தொடவும் கூடாது. ‘இடைமௌனமின்றி’யைத் தேர்வுசெய்தவர் அந்த 2 விநாடியைக் கேட்டதும் வசதி வேலை செய்யவில்லை என்று நினைப்பார். மௌனத்தைத் தாண்டிச் செல்வது வேறு வசதி.

இங்கே நடப்பதைப் பார்த்துச் சொல்லைத் தேடுவோம். கச்சேரிக் குறுவட்டில் ராகம், தானம், பல்லவி, தனி ஆவர்த்தனம் என்று நான்கு தடங்களாகப் பிரித்திருப்பார்கள். தம்புரா மட்டும் நான்கிலும் நிற்காமல் ஓடும். இந்த வசதி இல்லாவிட்டால், தானம் முடிந்து பல்லவி தொடங்கும் இடத்தில் அந்தச் சுருதி ஒரு கணம் ‘டக்’கென்று அறுந்து ஒட்டும். காதுக்கு இடைவெளியாகத் தெரியாது, அறுபட்டதாகத்தான் தெரியும்.

காரணம் இரண்டு. முதலாவது கோப்பு. எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் (ஒலியின் ஒரு கண அளவீடுதான் மாதிரி) கொண்ட சட்டகங்களாக அடுக்குகிறது. எம்பி3 கோப்பை உருவாக்கும் லேம் குறியாக்கி தொடக்கத்தில் 576 மாதிரிகளைக் கூட்டுகிறது, கோப்பை மறுபடி ஒலியாக்கும் குறிவிலக்கி இன்னும் 529 மாதிரித் தாமதம் சேர்க்கிறது. மொத்தம் 1,105, விநாடிக்கு 44,100 மாதிரி என்றால் 25 மில்லிவிநாடி. கடைசிச் சட்டகத்தை நிரப்பப் போடும் வெற்று மாதிரிகள் தனி. எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதை லேம் கோப்பின் தொடக்கத்திலேயே எழுதி வைக்கிறது. கோப்பை வெட்டி ஒட்டும் கருவி அந்தக் குறிப்பை அழித்துவிட்டால் இசைப்பானால் ஒன்றும் செய்ய முடியாது. ஒலியை இழப்பின்றிச் சுருக்கும் ஃபிளாக் கோப்பில் இந்தத் தொல்லையே இல்லை.

இரண்டாவது இசைப்பான். ஒரு தடம் முடிந்த பின் கணினியின் ஒலிக்கருவியை மூடி மறுபடி திறந்தால் அறுபடும். முடிவதற்கு முன்பே அடுத்த தடத்தைக் குறிவிலக்கி வைத்திருக்க வேண்டும். ஃபூபார்2000, டெட்பீஃப், ஆடேஷியஸ் ஆகிய மூன்று இசைப்பான்களும் இதைச் செய்கின்றன. விஎல்சி 3 செய்வதில்லை. படம் பார்க்க அது நல்லது, கச்சேரிக்கு வேண்டாம்.

எதன் குறை என்று கண்டுபிடிக்க: தம்புரா ஓடும் பதிவு ஒன்றை ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்தியில் திறந்து, 60வது விநாடியில் இரண்டாகப் பிரித்து, ஃபிளாக்காகவும் எம்பி3ஆகவும் சேமியுங்கள். கிராஸ்ஃபேடை அணைத்துவிட்டு இரண்டு இணைகளையும் கேளுங்கள். ஃபிளாக்கே அறுந்தால் இசைப்பானை மாற்றுங்கள். எம்பி3 மட்டும் அறுந்தால் சந்தேகத்தைக் கோப்பின் பக்கம் திருப்புங்கள். குறுவட்டு கையில் இருந்தால் ஃபிளாக்காக மறுபடி எடுத்துவிடலாம்.

ஆகவே என் முன்மொழிவு: அறுபடா இசைப்பு.

---

அறுபடா இசைப்புக்கு என் ஆதரவு. ‘இடைவெளி’ நம் கணிச்சொற்களில் எழுத்துகளுக்கு நடுவே விடும் வெற்றிடத்துக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்டது, அதையும் காப்பாற்றிவிடலாம்.

‘இயக்கம்’ என்று முடிக்கலாமா என்றும் யோசித்தேன். ‘இயக்கி’ டிரைவருக்குப் போய்விட்டது. இசைப்பான், இசைப்பு என்று ஒரே வேரில் இருப்பதே நல்லது.

ஒரு எச்சரிக்கை. ‘அறுபடா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பின்னால் வல்லினம் வந்தால் மிகும். ‘அறுபடாப் பாடல்கள்’, ‘அறுபடாத் தடங்கள்’ என்று எழுத வேண்டும். மொழிபெயர்ப்புக் கோப்பில் இந்த ஒற்று அடிக்கடி விடுபடுகிறது.

தேர்வுப்பெட்டிக்கு ‘தடங்களை அறுபடாமல் இசை’ என்று ஏவலாக வைத்தால் ‘இசை’ பெயர்ச்சொல்லாகவும் படும். ‘இசைக்கவும்’ என்று முடியுங்கள்.

---

கிராஸ்ஃபேடு பற்றி. ‘குறுக்கு மங்கல்’ என்று ஓரிடத்தில் பார்த்தேன். ஒலியோடு அதற்கு ஒட்டே இல்லை. ஒன்று தேய, மற்றொன்று அதன்மேல் ஏறி வருவதுதான் நடக்கிறது. குரலும் வயலினும் ‘இழைகின்றன’ என்று ரசிகர்கள் சொல்வதை எடுத்து ‘இழைந்து மாறல்’ எனலாம்.

இரண்டையும் ஒரே வசதியாக நினைத்துவிடக் கூடாது என்பதால் விளக்க வரியும் தேவை. 5 விநாடி இழைவை வைத்துக்கொண்டு பல்லவியிலிருந்து தனி ஆவர்த்தனத்துக்குப் போனால், பல்லவியின் கடைசி ஆவர்த்தனமும் மிருதங்கத்தின் முதல் சொற்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தாளமே குலைந்துவிடும். ‘தனித்தனிப் பாடல்களுக்கு மட்டும் ஏற்றது’ என்று அடியில் சிறிய எழுத்தில் போட்டுவிடுங்கள்.

---

சரி, இரண்டையும் சேர்த்துவிட்டேன்:

அறுபடா இசைப்பு – தடங்களை அறுபடாமல் இசைக்கவும்
இழைந்து மாறல் – தனித்தனிப் பாடல்களுக்கு மட்டும் ஏற்றது

அடுத்தது ‘ரீப்ளேகெய்ன்’. ‘ஒலியளவுச் சமன்’ போதுமா? தடத்துக்குத் தடம் சமன் செய்வதற்கும், தொகுப்பு முழுவதற்கும் ஒரே அளவு வைப்பதற்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.