கொல்லிமலை, கரண்ட் கிடையாது, ஜீப் போகாது: 10×12 குடில் போட ஆலோசனை வேண்டும்

மிளகுக்கொடி:
வணக்கம். கொல்லிமலையில் 30 சென்ட் பட்டா நிலம், சரிவு. கடைசி மின்கம்பம் 1.8 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஜீப் நிற்கும் இடத்திலிருந்து 600 மீட்டர் தலைச்சுமைதான். வார இறுதியில் இரண்டு பேர் தங்க 10×12 அடியில் ஓர் அறை. இரும்பு பைப் சட்டம், சிமென்ட் ஃபைபர் போர்டு சுவர், கலர் ஷீட் கூரை என்று யோசனை. "லேசான கட்டடம், ஒரு அடி குழி போதும்" என்கிறார் மேஸ்திரி. சோலாருக்குக் கடையில் எழுதிக் கொடுத்தது: 330 வாட் பேனல் ஒன்று, 20 ஆம்பியர் பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் (பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி), 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் (ஈய-அமில) பேட்டரி, இன்வர்ட்டர். ஓடவேண்டியது 9 வாட் பல்பு மூன்று, ஃபேன் ஒன்று, போன் இரண்டு, லேப்டாப், ஒரு சின்ன மோட்டார். தண்ணீருக்கு மழைதான் கதி. கக்கூஸ் எப்படி என்றும் தெரியவில்லை. எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

கொத்துக்கரண்டி:
லேசான கட்டடம் என்பதால்தான் குழி பெரிதாக வேண்டும் சார். கணக்குப் போட்டுப் பாருங்கள். சுற்றிலும் 2 அடி இறவாணம் விட்டால் கூரை 14×16 அடி, அதாவது கிட்டத்தட்ட 21 சதுர மீட்டர். உள்மாவட்டங்களுக்குக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர் என்று எடுத்தால் அழுத்தம் சதுர மீட்டருக்கு 90 கிலோ சொச்சம். மேட்டு விளிம்பில் இன்னும் கூடும். ஆக, கூரையை மேலே பிடுங்கும் விசை 1,900 கிலோ வரை போகும். ஷீட்டின் மொத்த எடையோ 100 கிலோதான். இந்த மாதிரிக் குடிலுக்கு ஆபத்து மண்ணில் இறங்குவதில் இல்லை, காற்றில் கிளம்புவதில்.

ஆறு கால் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரைக்கு ஒன்றரை அடி, இரண்டரை அடி ஆழக் குழி. முடிந்தால் அடியில் கொஞ்சம் அகலமாகக் குடைந்துவிடுங்கள், பிடிப்பு கூடும். ஒரு குழி கான்கிரீட் 380 கிலோ, ஆறும் சேர்ந்தால் 2,290 கிலோ. சட்டம், சுவரின் எடை உபரி. 1:1½:3 கலவைக்கு ஆறு குழிக்கும் சேர்த்து சிமென்ட் 8 மூட்டை, எம்-சாண்ட் 15 கன அடி, முக்கால் இன்ச் ஜல்லி 30 கன அடி. கலக்க மட்டும் 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஏழு நாளாவது ஈரச்சாக்கு மூடி வைக்கவேண்டும். அந்தத் தண்ணீரையும் சேர்த்து முன்கூட்டியே டிரம்மில் ஏற்றிவிடுங்கள், பாதியில் தீர்ந்தால் வேலை கெட்டது.

பைப்பை நேராகக் கான்கிரீட்டில் புதைக்காதீர்கள். மண் மட்டத்தில் ஈரம் நின்று அங்கேதான் முதலில் துரு பிடித்து அறுக்கும். கான்கிரீட்டைத் தரைக்கு மேல் அரை அடி எழுப்பி, 12 எம்.எம். ஜே-போல்ட் (கான்கிரீட்டில் புதைக்கும் கொக்கி போல்ட்) நான்கு வைத்து, பேஸ் பிளேட்டில் (அடித்தகட்டில்) காலை நிறுத்துங்கள். மேலே கரண்ட் இல்லாததால் வெல்டிங் கனவு வேண்டாம். அளவு எடுத்து, கீழேயே அறுத்து, ஓட்டை போட்டு, போல்ட்டில் பூட்டுகிற மாதிரி கொண்டுபோங்கள். ஓட்டை போட்ட விளிம்பில் ஜிங்க் பெயிண்ட் கட்டாயம்.

ஷீட் ஸ்க்ரூவை ஓரத்துப் பர்லினில் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில்) ஷீட்டின் ஒவ்வொரு மேட்டிலும் அடியுங்கள், காற்று முதலில் தூக்குவது அங்கேதான். ரப்பர் வாஷர் லேசாக உப்பினால் நிறுத்திவிட வேண்டும். பிதுங்கி வெளியே வரும்வரை முறுக்கினால் ரப்பர் சீக்கிரமே வெடித்து ஒழுகும்.

இன்னொன்று: உங்கள் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். "தகரக் கொட்டகைதானே, அனுமதி எதற்கு" என்பவர்கள் பின்னால் வரமாட்டார்கள்.

வெயில்காசு:
கடைச் சீட்டில் பெரிய ஓட்டை கன்ட்ரோலர்தான். 330 வாட் பேனல் 37 வோல்ட் அளவில் 9 ஆம்பியர் தரும். பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் பேனலை அப்படியே பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டிவிடும். 9×13 = 117 வாட். பேனலில் மூன்றில் இரண்டு பங்கு வீண். எம்.பி.பி.டி. (பேனலின் முழு வோல்ட்டேஜையும் பயன்படுத்தி, பேட்டரிக்கு ஏற்ப மாற்றித் தரும் கன்ட்ரோலர்) 30 ஆம்பியர் வாங்குங்கள். உள்ளீட்டு வரம்பு 75 அல்லது 100 வோல்ட் இருக்கட்டும். சுமை இல்லாதபோது இந்தப் பேனல் 46 வோல்ட் காட்டும், மார்கழிக் குளிரில் இன்னும் ஏறும். 50 வோல்ட் கன்ட்ரோலர் என்றால் வரம்பை ஒட்டியே ஓடும், அது வேண்டாம்.

தினச் செலவு வாட்-அவரில் (வாட் × மணி நேரம்): பல்பு 4 மணி நேரம் 108, பி.எல்.டி.சி. (கரண்ட் குறைவாகக் குடிக்கும் வகை) ஃபேன் 8 மணி நேரம் 240, போன் 30, லேப்டாப் 3 மணி நேரம் 180, மோட்டார் அரை மணி 30. மொத்தம் 588 வாட்-அவர். மழைக்காலத்தில் முழுவெயில் 3 மணி நேரம்தான் என்று வைத்து, இழப்பு 30 சதவீதம் கழித்தாலும் 330 வாட்டுக்கு 690 வரும். பேனல் போதும்.

பேட்டரியை லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் என்று மாற்றுங்கள். 80 சதவீதம் எடுத்தால் 1,024 வாட்-அவர், ஒன்றே முக்கால் நாள் தாங்கும். டியூபுலர் 150-இல் பாதிதான் எடுக்கலாம், 900. அது 50 கிலோவுக்கு மேல். லித்தியம் 12 கிலோ சுற்றி. 600 மீட்டர் சுமப்பவரைக் கேளுங்கள், எது வேண்டும் என்று அவரே சொல்வார். கன்ட்ரோலரில் சார்ஜ் 14.2 முதல் 14.4 வோல்ட், ஈக்வலைஸ் (ஈய பேட்டரிக்கான கூடுதல் வோல்ட்டேஜ் சார்ஜ்) அணைத்து வையுங்கள். மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல், கழற்றும்போது தலைகீழ். வரிசை மாறினால் பேனல் வோல்ட்டேஜ் நேராகப் பல்புக்குப் பாயலாம். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு அடிக்குள் ஃபியூஸ் இருக்கவேண்டும்.

நிழல்மானி:
மேலே சொன்ன கணக்கில் இன்வர்ட்டர் தின்பது வரவில்லை. சும்மா ஆன் செய்து வைத்தாலே 10 வாட் குடிக்கும், 24 மணி நேரத்துக்கு 240, அதாவது உங்கள் ஃபேன் அளவுக்கு. பல்பு, ஃபேன், மோட்டார் எல்லாம் 12 வோல்ட்டிலேயே வாங்குங்கள். லேப்டாப்புக்கு மட்டும் இன்வர்ட்டரைப் போட்டு அணையுங்கள். 12 வோல்ட்டில் வயர் மெலிதானால் மாட்டிக்கொள்வீர்கள்: 60 வாட் மோட்டார் 10 மீட்டர் தள்ளி இருந்தால் 1.5 சதுர எம்.எம். வயரில் 1.2 வோல்ட் போய்விடும். 4 சதுர எம்.எம். போட்டால் அரை வோல்ட்டோடு நிற்கும்.

அங்கே எல்லோரும் மிளகு ஏற்ற சில்வர் ஓக் வைத்திருப்பார்கள். தெற்கில் 40 அடி மரம் நின்றால் டிசம்பரில் உச்சி வேளை நிழலே 28 அடி, காலை 9 மணிக்கு 60 அடி. பேனல் இடத்தைச் சித்திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தெற்கு நோக்கி 15 டிகிரி சாய்வு போதும், இலைதழையும் மழையில் வழுக்கிவிடும். வயரைக் குழாய்க்குள் விடுங்கள், குரங்கு இழுக்கும்.

மிளகுக்கொடி:
கண் திறந்தது, நன்றி. தண்ணீருக்கு எத்தனை லிட்டர் டேங்க்? 5,000 ஒன்று வைக்கலாமா?

ஓடைக்கரை:
வாரம் இரண்டு நாள், இரண்டு பேர், தலைக்கு 50 லிட்டர் என்றால் 200 லிட்டர். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை 16 வாரத்துக்கு 3,200. ஆகவே 2,000 லிட்டர் டேங்க் இரண்டு. 5,000 லிட்டரை அந்த ஒற்றையடிப் பாதையில் கொண்டுபோக முடியாது. ஒன்றில் விரிசல் விட்டாலும் மற்றதில் தண்ணீர் இருக்கும். கறுப்பு டேங்காக வாங்குங்கள், வெளிச்சம் புகுந்தால் பாசி. கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சிந்தியது போக 16 லிட்டர் சேரும். 250 மில்லிமீட்டரில் இரண்டும் நிரம்பும். ஐப்பசி கார்த்திகை ஒழுங்காகப் பெய்தால் கவலையில்லை.

கூரை அழுக்கோடு வரும் முதல் தண்ணீரை ஒதுக்க 4 இன்ச் பி.வி.சி. குழாய் 4 அடி நிறுத்துங்கள், 10 லிட்டர் பிடிக்கும். அடிமூடியில் பென்சில் முனை அளவு ஓட்டை போட்டால் அடுத்த மழைக்குள் தானே வடிந்துவிடும். நிறைந்த டேங்க் ஒவ்வொன்றும் 2 டன். வெட்டிய கெட்டி மண்ணில் மேடை போடுங்கள், கொட்டி நிரப்பிய பக்கத்தில் வேண்டாம். குளியலறையைச் சரிவில் நான்கு அடி கீழே வைத்தால் மோட்டாரே தேவைப்படாது.

கக்கூஸுக்கு இரட்டை உறிஞ்சு குழி. 3 அடி விட்டம், 4 அடி ஆழம், குழிகளுக்கு நடுவே குறைந்தது 3 அடி மண். சரிவு அதிகமுள்ள கிராமத்து பேசின் வாங்கினால் 2 லிட்டரில் போய்விடும். சாதாரண பேசின் வைத்தால் தண்ணீரெல்லாம் அதற்கே. ஒரு குழி நிரம்பியதும் அடுத்ததற்குத் திருப்பிவிட்டு, முதல் குழியை 2 வருடம் தொடாதீர்கள். கிணறு, ஊற்றிலிருந்து 15 மீட்டர் தள்ளி, அதுவும் கீழ்ச்சரிவில். உங்களுக்குக் கீழே யாராவது ஊற்றுத் தண்ணீர் எடுக்கிறார்களா என்று நடந்து பார்த்துவிட்டுத் தோண்டுங்கள்.

மிளகுக்கொடி:
கடைசியாக ஒன்று. 14 அடி ஷீட்டை மடங்காமல் எப்படித் தூக்குவது?

கொத்துக்கரண்டி:
மொத்தம் 5 ஷீட், ஒன்று 20 கிலோ. இரண்டு மூங்கிலை நீளவாக்கில் அடியில் கொடுத்து மூன்று இடத்தில் கயிறு கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர். விடிகாலையில் ஆரம்பித்துக் காற்று எழும் முன் முடித்துவிடுங்கள். 20 அடி பைப்பை முழுசாக மலை ஏற்றாதீர்கள். 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, பிக்கப்பில் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பது எதிரே வருபவர் மேல் வீசும். போர்டு 8 எம்.எம். என்றால் ஒன்று 33 கிலோ, 11 வேண்டும். படுக்கவைத்துத் தூக்கினால் நடுவில் முறியும், செங்குத்தாகப் பிடித்தே நடக்கச் சொல்லுங்கள்.