கையால் செய்யும் மரவில் முறிந்துகொண்டே இருக்கிறது: எங்கே தவறுகிறேன்?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். வயல்வேலை இல்லாத நாள்களில் மரத்தில் வில் செய்து பழகத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வேட்டைக்காக அன்று, வைக்கோல் போரில் சாக்கைக் கட்டி எய்து பார்க்கும் ஆசை, அவ்வளவுதான். இதுவரை நான்கு விற்கள் செய்தேன். மூன்று முறிந்துவிட்டன. மிஞ்சிய ஒன்று முறியாததற்குக் காரணம், அதில் முறியும் அளவுக்கு வலுவே இல்லை என்பதுதான்.

முதலாவது பூவரசு. 2018 நவம்பரில் அடித்த கஜா புயலில் எங்கள் கொல்லையில் சாய்ந்த மரத்தை அறுத்து, பலகையாக அடுப்படிப் பரணில் போட்டு வைத்திருந்தோம். நன்றாகக் காய்ந்த மரம் என்று நம்பி எடுத்தேன். நாணை 20 அங்குலம் இழுத்தபோது, முன்னறிவிப்பாக ஒரு சிறு ஓசைகூட இல்லாமல், முருங்கைக் கொம்பு ஒடிவதுபோல் ஒடிந்தது. இரண்டாவது மூங்கில். வெளிப்புறத்துக் கணுக்கள் புடைத்துக்கொண்டு பார்க்க நன்றாயில்லை என்று இழைப்புளியால் மட்டமாக்கினேன். மூன்றாம் நாள் ஒரு கணுவில் சிராய் கிளம்பி, மறுநாள் முழுவதும் பிளந்துவிட்டது. மூன்றாவது கருவேலம். பிடிக்கு ஒரு சாண் மேலே, என்னைப் பார்த்திருக்கும் பக்கத்தில், குறுக்கே மெல்லிய சுருக்கங்கள் விழுந்தன. பொருட்படுத்தாமல் இழுத்தேன், அந்த இடத்திலேயே மடிந்து முறிந்தது. மூன்றுமே நாலேமுக்கால் அடி நீளம், நடுவில் வளையாத தடித்த பிடி, 26 அங்குல இழுப்பு, 35 பவுண்டு வலு என்பது கணக்கு.

மூன்றும் மூன்று விதமாக முறிந்ததால், என் தவறு ஒன்றா மூன்றா என்றே தெரியவில்லை. இரண்டு வாரத்து உழைப்பு அடுப்புக்குப் போகும்போது மனம் விட்டுப்போகிறது. அனுபவமுள்ளவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தச்சுப்பட்டறை எழுதியது:

தம்பி, முதலில் அந்தத் துண்டுகளை அடுப்பில் வைக்காதீர்கள். முறிந்த வில்லின் முறிவாயைப் பார்க்காமல் எரிப்பது, நோய் என்னவென்று கேட்காமலே மருந்துச் சீட்டைக் கிழித்துப் போடுவது போன்றது. நான் கும்பகோணத்தில் தச்சுவேலை செய்கிறவன். வில் செய்வது எனக்கும் ஓய்வுநேர வேலைதான். முறித்த கணக்கில் உங்களைவிட மூத்தவன்.

நாணை இழுக்கும்போது இலக்கைப் பார்த்திருக்கும் முதுகுப்புறம் இழுபடுகிறது. நம்மைப் பார்த்திருக்கும் வயிற்றுப்புறம் நசுங்குகிறது. முதுகு தாங்காமல் போனால் சிராய் கிளம்பும். வயிறு தாங்காமல் போனால் சுருக்கம் விழும். முறிவாயில் விரல் நீளத்துக்கு நார்கள் பிய்ந்து நின்றால் மரம் நல்ல மரம்தான், அதற்கு நாம் கொடுத்த சுமை கூடிவிட்டது, அல்லது நாரின் ஓட்டத்தை எங்கோ வெட்டிவிட்டோம் என்று பொருள். நாரே தெரியாமல் குறுக்காக, மொட்டையாக முறிந்திருந்தால் அந்த மரமே நொடிந்த மரம். உங்கள் பூவரசு இந்த இரண்டாம் வகை என்றுதான் நீங்கள் சொல்வதிலிருந்து தெரிகிறது.

அதற்குக் காரணமும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: புயலில் சாய்ந்த மரம். பெருங்காற்றில் மரம் வளையும்போது, காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கத்து நார்கள் நின்ற நிலையிலேயே நசுங்கிவிடுகின்றன. அந்த நசுக்கல் நார் ஓட்டத்துக்குக் குறுக்கே மயிரிழை போன்ற கோடுகளாக மரத்துக்குள் தங்கிவிடும். எத்தனை ஆண்டு உலர்த்தினாலும் மறையாது. அதே பலகையில் அலமாரியோ கட்டிலோ செய்தால் ஒரு குறையும் தெரியாது. வில்லின் முதுகில் அப்படி ஒரு கோடு வந்தாலோ, இழுத்த கணத்தில் அந்தக் கோடு வாய் திறக்கும். மிஞ்சிய துண்டை நன்றாக இழைத்து, மேலே கொஞ்சம் எண்ணெய் தடவி, சாய்வான காலை வெயிலில் பாருங்கள். கஜாவில் விழுந்த மரங்கள் நம் பக்கத்துக் கொல்லைகளில் இன்னும் கிடக்கின்றன. இலவசமாகக் கிடைக்கிறதே என்று அவற்றில் வில் செய்ய வேண்டாம்.

இன்னொன்று, பல ஆண்டுகள் அடுப்பின் மேல் பரணில் கிடந்த மரம் அளவுக்கு மீறி வறண்டிருக்கும். வில் மரத்தில் ஈரம் பத்து விழுக்காட்டை ஒட்டி இருப்பது நல்லது. அதற்குக் கீழே வெகுவாக இறங்கினால் மரம் மொறுமொறுப்பாகும். மேலே ஏறினால் முறியாது, ஆனால் வளைந்த வளைவு திரும்பாமல் வில் சோம்பிப் போகும். நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் கடைவதற்குப் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த ஆச்சா மரத்தைத் தேடி வாங்குவார்கள் என்பதைக் கேட்டு, நானும் ஒரு காலத்தில் பழைய உத்தரத்தில் வில் செய்து பார்த்தேன். நாகசுரம் வளைய வேண்டியதில்லை என்பது முறிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ரம்பத்தால் அறுத்த பலகையைவிட, ஆப்பு வைத்துப் பிளந்த கட்டையே வில்லுக்கு நல்லது. ரம்பம் தன் போக்கில் நேராகப் போகும்; பிளவு நாரின் போக்கில் போகும். அறுத்த பலகைதான் கிடைக்கிறது என்றால், நார் ஓட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓரத்தில் வெளியேறாமல் ஓடும் பலகையாகப் பொறுக்கி எடுங்கள். பத்துப் பலகை பார்த்தால் ஒன்று தேறும். முதுகின் இரண்டு ஓர முனைகளையும் மழுக்கி உருட்டிவிடுங்கள். கூர்மையான ஓரத்தில்தான் பெரும்பாலும் முதல் சிராய் கிளம்பும்.

கொள்ளிடக்கரை எழுதியது:

மூங்கிலைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மூங்கிலின் வலிமை முழுவதும் தோலை ஒட்டிய பகுதியில்தான் இருக்கிறது. நார்கள் அங்கேதான் நெருக்கமாக உள்ளன. உள்ளே போகப் போகச் சோறு போன்ற பகுதி கூடிவிடும். கணுவில் நார்கள் நேராக ஓடாமல் வளைந்து பின்னி ஓடுகின்றன. புடைப்பை நீங்கள் மட்டமாக்கியபோது அந்த நார்களை எல்லாம் அறுத்துவிட்டீர்கள். வெளிப்புறத்தில் இழைப்புளியே படக்கூடாது. கணு அழகாக இல்லாவிட்டால் இல்லாமல் போகட்டும். தோல் பக்கம் இலக்கைப் பார்க்க வேண்டும்; குறைப்பதை எல்லாம் உட்புறத்தில் மட்டுமே குறைக்க வேண்டும்; உட்புறத்திலும் கணு வரும் இடங்களில் சற்றுத் தடிப்பாக விட்டுவிட வேண்டும்.

மூங்கிலை நெருப்பில் காட்டி நிமிர்த்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தோல் பழுப்பேறிக் கருகத் தொடங்கிவிட்டால் அந்த இடம் பின்னர் நொறுங்கும். வெட்டியவுடன் சில வாரங்கள் ஓடும் நீரில் ஊறப்போட்டு எடுத்தால் மாவுச்சத்துக் கரைந்து, புழு துளைப்பது குறையும். புழு தின்ற மூங்கில் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். தட்டிப் பார்த்தால் மாவு உதிரும்.

சிராய் இலேசாகக் கிளம்பிய நிலையிலேயே கண்டுவிட்டால் வில்லைக் காப்பாற்றலாம். ஃபெவிக்விக் போன்ற நீர்த்த பசையைச் சிராயின் அடியில் ஓடவிட்டு, அழுத்திப் பிடித்து, காய்ந்த பிறகு அந்த இடத்தில் நூலை நெருக்கமாகச் சுற்றி, அதன் மேலும் பசை தடவுங்கள். திருபுவனத்துத் தறிகளில் மிஞ்சும் பட்டு நூல் எனக்குக் கிடைக்கிறது. அதைவிட நல்ல கட்டு நூலை நான் பார்த்ததில்லை. ஆனால், குறுக்கே சுருக்கம் விழுந்த வயிற்றுப்புறத்துக்கு இந்த மருத்துவம் உதவாது.

அளவுகோல் எழுதியது:

கருவேலம் முறிந்ததற்கு மரத்தின் மேல் பழி போட வேண்டாம். ஒரு சாண் இடம் மட்டும் மற்ற இடங்களைவிட மெலிந்துபோய், வளைவு முழுவதும் கீல்போல் அங்கேயே குவிந்திருக்கிறது. வில்லின் விறைப்பு அகலத்துக்கு நேர் விகிதத்தில் மாறும். தடிப்புக்கோ அதன் முப்படி விகிதத்தில் மாறும். 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள இடத்தை 9 ஆக்கினால் விறைப்பில் பத்தில் ஒரு பங்கு போகும் என்று நினைப்போம். உண்மையில் 27 விழுக்காடு போய்விடும். ஆகவே, கடைசிக் கட்டத்தில் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு அரத்தையும் உடைந்த கண்ணாடிச் சில்லையும் கையிலெடுங்கள். ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் இருபது, முப்பது தடவை பாதியளவு இழுத்துவிட்ட பின்பே வளைவைப் பாருங்கள்; சுரண்டியது என்ன செய்தது என்பதை மரம் உடனே காட்டாது. மெலிந்த இடத்தைத் தடிப்பாக்க முடியாது. சுருக்கம் விழுவதற்கு முன்பே கண்டுகொண்டால், மற்ற இடங்களை அதற்கேற்பக் குறைத்து, 35 பவுண்டுக்குப் பதிலாக 25 பவுண்டு வில்லோடு திருப்திப்படலாம்.

நீளமும் போதாது. வளையாத பிடி உள்ள வில்லுக்கு 26 அங்குல இழுப்பு வேண்டுமென்றால் ஐந்தரை அடியாவது வையுங்கள். நீங்கள் ஏறத்தாழ ஒன்பது அங்குலத்தை மிச்சம் பிடித்து மூன்று விற்களை இழந்திருக்கிறீர்கள்.

வளைவு பார்க்கும்போது கையால் இழுக்காமல், வில்லைச் சுவரில் பொருத்திய கட்டையில் தாங்க வைத்து, கிணற்றுக் கப்பி வழியாகக் கயிற்றை ஓட்டிப் பத்தடி தள்ளி நின்று இழுங்கள். கயிற்றின் நடுவே ஒரு கொக்கித் தராசை மாட்டினால், 16 கிலோவை, அதாவது உங்கள் கணக்கான 35 பவுண்டை, தாண்டி ஒருபோதும் இழுக்காமல் நிறுத்தலாம். 15 அங்குலத்திலேயே 16 கிலோ காட்டினால் அங்கேயே நிறுத்திவிட்டுச் சுரண்ட வேண்டும். முறிந்த துண்டு முகத்துக்கு வருகிற வேகத்தை நான் பார்த்திருக்கிறேன். அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடுவதும் கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்புகிறது.

அரசலாறு எழுதியது:

வில்லைக் கொடியில் வைத்தவர்கள் சேரர்கள். புலிக்கொடி நாட்டில் இருந்துகொண்டு நாம் படும் பாடு இது! நான் எப்போதும் இரண்டு கட்டைகளை ஒன்றாகத் தொடங்குகிறேன். ஒன்று முறிந்தால் மற்றது பாதி வேலை முடிந்து காத்திருக்கிறது என்பதால், அன்று இரவு உறக்கம் கெடுவதில்லை. முறிந்ததில் நல்ல பாதி குழந்தைகளுக்குச் சிறுவில்லாகவோ அரிவாள் பிடியாகவோ ஆகிவிடும். முறிவாயுள்ள துண்டில் தேதி, மரம், எத்தனை அங்குலத்தில் முறிந்தது என்று பென்சிலால் எழுதி ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். பதினொன்று தொங்குகின்றன, அவற்றில் ஏழு, பொழுது சாய்ந்த பிறகு "இன்னும் ஒரே ஓர் இழுப்பு" என்று அவசரப்பட்டவை.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தச்சுப்பட்டறை ஐயா சொன்னபடி பூவரசுத் துண்டை இழைத்து, எண்ணெய் தடவி, வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். முறிவாயிலிருந்து நான்கு விரல் தள்ளி, குறுக்கே இரண்டு கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. இத்தனை நாள் கையில் வைத்திருந்தும் கண்ணில் படவில்லை. பரணில் அதே மரத்துப் பலகைகள் இன்னும் மூன்று கிடந்தன. அவற்றைப் பெஞ்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

நின்ற மரத்தில் வெட்டிய கருவேலங்கட்டை ஒன்றை உறவினர் தோப்பிலிருந்து வாங்கி, ஆப்பு வைத்துப் பிளந்து, இரண்டு கட்டைகளாக ஐந்தரை அடிக்குச் செதுக்கி, முனைகளில் ஃபெவிகால் பூசி, காற்றோட்டமான திண்ணையில் வைத்திருக்கிறேன். ஈரம் அளக்கும் கருவி இல்லாததால் வாரம் ஒருமுறை கடைத் தராசில் நிறுக்கிறேன். பெரிய கட்டை சென்ற வாரம் 2,640 கிராம், இன்று 2,615. எடை இறங்குவது நின்ற பிறகு, வளைவு பார்க்கும் கட்டத்தில் மீண்டும் எழுதுகிறேன். கப்பி தயாராக இருக்கிறது.