நீச்சல் பயிற்சி: 10 × 100 செட்டில் கடைசி நான்கும் சரிந்துவிடுகின்றன, தவறு எங்கே?

கேள்வி:
வணக்கம். வயது 44. மாஸ்டர்ஸ் (வயதில் மூத்தோருக்கான) போட்டிகளில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்துகிறேன். 25 மீட்டர் குளத்தில் என் நேரம் 3:04, ஒரு வருடமாக அங்கேயே நிற்கிறது. 400 மீட்டர் 6:36. வாரத்தில் மூன்று நாளும் முக்கிய செட் ஒன்றுதான்: 10 × 100, அதாவது 100 மீட்டரைப் பத்து முறை, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பி. முதல் மூன்று 1:34-இல் வந்துவிடும். ஏழாவது 1:45, கடைசி 1:53. மூச்சு அடங்குவதற்குள் அடுத்ததற்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. ஓய்வைக் கூட்டுவதா, எண்ணிக்கையைக் குறைப்பதா?

பதில் 1:
இரண்டும் வேண்டாம், முதல் மூன்றின் வேகத்தைக் குறையுங்கள். 3:04 என்றால் 100-க்கு 1:32. நீங்கள் கிட்டத்தட்ட போட்டி வேகத்தில் தொடங்குகிறீர்கள், அதற்கு இந்த ஓய்வு போதாது. 6:36-இல் 3:04-ஐக் கழித்தால் 3:32, அதில் பாதி 1:46. இதை சிஎஸ்எஸ் (critical swim speed) என்பார்கள், 100 மீட்டருக்கு 1:46 என்பது சரியாமல் நெடுநேரம் தாங்கக்கூடிய வேகம். (இரண்டு நேரமும் முழு மூச்சில் நீந்தியவையாக இருந்தால்தான் கணக்கு சரியாக வரும்.)

பத்தையும் 1:46-இல் நீந்துங்கள், இன்டர்வெல் அதே 2:00. விநாடி முள் 60-இல் இருக்கும்போது கிளம்பினால் ஒவ்வொரு முறையும் 46-இல் சுவரைத் தொட வேண்டும். 42-இல் தொட்டால் அதுவும் தவறுதான். முதல் நான்கு மிக எளிதாகத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் அது மட்டும் 3:04-ஐ உடைக்காது. ஒரு நாளைப் போட்டி வேகத்துக்கு ஒதுக்குங்கள்: 16 × 50, 1:10-க்கு ஒன்று. சராசரி 46 விநாடி என்றாலும் முதல் 50-இல் டைவ் கைகொடுக்கிறது, மற்ற மூன்றும் 47-ஐ ஒட்டியே வரும். அதனால் சுவரிலிருந்து உந்திக் கிளம்பும்போது இலக்கு 47. ஒன்று தவறினால் அடுத்ததை விட்டு ஓய்வெடுங்கள். மறுபடி தவறினால் அன்றைக்குப் போதும். குளத்தின் ஒரு நீளத்துக்கு எத்தனை ஸ்ட்ரோக் (கைவீச்சு) என்றும் எண்ணுங்கள். நேரம் சரிவதற்கு முன்பே அந்த எண்ணிக்கை ஏறிவிடும்.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து):
மிக்க நன்றி. பத்தும் 1:45-க்கும் 1:47-க்கும் நடுவில் வருகின்றன. முன்பு 18 ஸ்ட்ரோக்கில் தொடங்கி 23-இல் முடியும், இப்போது கடைசியிலும் 19-தான். 50 செட்டில் எட்டு வரை சரி, ஒன்பதாவது 49. ஒன்றை விட்டு நீந்தினேன், 50 வந்தது, நிறுத்திவிட்டேன். இலக்கை 48 ஆக்கலாமா?

பதில் 2:
வேண்டாம், 47-ஐ விடாதீர்கள். எட்டு என்றால் 400 மீட்டர், உங்கள் போட்டித் தூரத்தைப் போல இரு மடங்கு. பன்னிரண்டு வந்த பிறகு 46-க்கு இறங்கலாம். அப்புறம், இந்த செட்டுக்கு மறுநாள் கடினமான எதுவும் வேண்டாம். நாற்பதுக்கு மேல் தோள் தேற நேரம் எடுக்கிறது.