புதுப்பிப்பு: ஸ்பீக்கர் பெட்டி பாட ஆரம்பித்துவிட்டது

முதன்முறையாக மர வேலையில் இறங்குகிறேன், தாழ்ந்த ஒலிகளைத் தரும் 6.5 அங்குல வூஃபர் ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்ய பிளைவுட் நல்லதா எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) நல்லதா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 18 மி.மீ. எம்.டி.எஃப். எடுத்தேன். பலகைகளைக் கடையிலேயே மெஷினில் வெட்டி வாங்கியது பெரிய உதவி. மூலைகள் சரியாக உட்கார்ந்தன.

உள் அளவு 20 × 25 × 36 செ.மீ., அதாவது 18 லிட்டர். போர்ட்டுக்கு, அதாவது பெட்டிக்குள் காற்று போய்வரும் துளைக்கு, உள்விட்டம் 5 செ.மீ., நீளம் 12 செ.மீ. உள்ள பிவிசி குழாய். கணக்குப்படி ட்யூனிங், அதாவது பெட்டியும் போர்ட்டும் சேர்ந்து ஒத்ததிரும் அதிர்வெண், சுமார் 45 ஹெர்ட்ஸ். இது என் வூஃபருக்குப் பொருந்தும் கணக்கு. உங்களுடையதற்கு அதன் தீல்-ஸ்மால் அளவுகளை (வூஃபரின் தன்மையைச் சொல்லும் எண்களை) பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

காற்றுக் கசிவுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. போர்ட் வாயை உள்ளங்கையால் இறுக்க மூடிக்கொண்டு, வூஃபரின் கோனை (முன்னும் பின்னும் அசையும் கூம்பை) விரல்களால் மெல்ல உள்ளே அழுத்தி, விரல்களை எடுத்தேன். சட்டென்று துள்ளாமல், நிதானமாக ஊர்ந்து பழைய இடத்துக்கு வந்தது. பெரிய கசிவு இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த நொடி கிடைத்த சந்தோஷம் தனி! பக்கப் பலகைகளுக்கு நடுவே ஒரு குறுக்குச் சட்டம் ஒட்டியதும் முக்கியம். அதற்கு முன் விரல் முட்டியால் தட்டினால் டொங் என்று நீண்டு ஒலித்தது. இப்போது டக் என்று அடங்கிவிடுகிறது.

பாஸ் (தாழ்ந்த ஒலி) சுத்தமாக இருக்கிறது. தவிலில் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்தின் அடி தனியாகக் கேட்கிறது.

அப்புறம், எம்.டி.எஃப். தூசி மிக நுண்ணியது. தேய்க்கும்போது நல்ல மாஸ்க் கட்டாயம். வெட்டிய விளிம்புகள் பெயின்ட்டை உறிஞ்சும் என்பதால், தண்ணீர் கலந்த ஃபெவிகால் பூசிக் காயவிட்டிருக்கிறேன். அடுத்தது பிரைமர்.